பாகுத் தொட்டியின் காற்று

"எங்கப்பாவைத் தோண்டி எடுக்கணும்."

உட்காரச் சொல்வதற்கு முன்பே அந்தப் பெண் சொல்லிவிட்டாள். மாடிப்படி ஏறிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டது. அதை மேசையில் வைக்காமல், கீழேயும் வைக்காமல் உடம்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"கேக்கக் கூடாதுன்னு யார் சொன்னாங்க?" என்றார் நிதானம்.

அவள் முறைத்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"யாரும் தடுக்காத விஷயத்தை இவ்வளவு சத்தமா யாரும் கேக்க மாட்டாங்க. உக்காரும்மா."

அவருடைய உண்மையான பெயர் வாசலில் மாட்டிய பலகையில் இருக்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் தீ விபத்து, லாரி விபத்து, ஆலை விபத்து என்று வருடக்கணக்கில் விசாரித்தவர். அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அடுத்ததைக் கேட்பதற்குள் டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிடலாம் என்பார்கள். அதனால் ஊருக்கு அவர் நிதானம். அவரிடம் வேலை பார்ப்பவள் தந்தி. முப்பது வயது, பழைய பத்திரிகைக்காரி. ஒரு சேதி அவள் காதுக்குப் போனால் வாய்க்கு வர நேரம் ஆகாது.

"அம்மா சொன்னாங்க. சித்தப்பா சொன்னாரு" என்றாள் வந்தவள். "'என்ன வேணா பேசு, அந்தப் பேச்சை மட்டும் எடுக்காத. செத்தவரு நிம்மதியா இருக்கட்டும்'னாங்க. என்ன நிம்மதி? குடிச்சுட்டுத் தொட்டிக்குள்ள விழுந்து செத்தவன்னு எழுதி வச்சிருக்காங்க. எங்கப்பா வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்ல. போலீஸ்ல சொன்னேன். 'எல்லாப் பொண்ணும் அவங்கப்பாவைப் பத்தி இப்படித்தாம்மா சொல்லும்'னு சிரிச்சாரு ஒரு ஆளு. அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்."

"எந்தத் தொட்டி?"

"என்சைம் ஃபேக்டரி. துணி வெளுக்கிற பவுடர்ல போடறாங்களே, அந்த என்சைம். பெரிய தொட்டியில கிருமி வளர்த்து எடுப்பாங்க. அங்க பாகுத் தொட்டி எங்கப்பாவோட பொறுப்பு. சர்க்கரை ஆலையில மிஞ்சற கறுப்புப் பாகு லாரியில வரும். அதை எறக்கி, தொட்டியில தேக்கி, பம்ப் போட்டு அனுப்பணும். நான் பிறக்கறதுக்கு முன்னாடியிலிருந்து அதான் அவர் வேலை."

அவள் பட்டம் வாங்கும் விழாவுக்காக அப்பா இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தார். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். சேர்ந்த நாளிலிருந்தே அப்பாவுக்கு அவள் 'பட்டதாரியம்மா'. "பட்டதாரியம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று வீட்டுக்குள்ளேயே மரியாதை கொடுத்துக் கிண்டல் செய்வார். விடுப்பு முடிந்து காலை ஷிஃப்டுக்குப் போனவரை மதியத்துக்குள் பிணமாகக் கொடுத்தார்கள். அதே ஃபேக்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் அவளுடைய சித்தப்பா. தொட்டிக்குள் இறங்கி அண்ணனைத் தூக்கியவர் அவர்தான். அப்பாவின் சட்டையில் சாராய வாடை. அவர் வேலைக்குக் கொண்டுபோகும் பையில் பாதி காலியான பாட்டில். அந்தப் பையைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் வாடையை எழுதிக்கொண்டார்கள், ரத்தத்தைச் சோதிக்கவில்லை.

"தோண்டிப் பார்த்தா குடிக்கலன்னு தெரிஞ்சிடும்" என்றாள்.

"தெரியாது" என்றார் நிதானம். "மண்ணுக்குள்ள போன உடம்புல கிருமிங்க வேலையை ஆரம்பிச்சிருக்கும். உடம்புல இருக்கற சர்க்கரையைத் தின்னு அதுங்களே சாராயம் காய்ச்சும். குடிச்சிருந்தாலும் இருக்கும், குடிக்கலன்னாலும் இருக்கும். அவங்களுக்கு நாமே சாட்சியைத் தோண்டிக் கொடுத்த மாதிரி ஆகும்."

அவள் பையின் முடிச்சை விரலால் நெருடினாள். பிறகு, "நான் படிச்சதே அதுதான் சார். நுண்ணுயிரியல். பரீட்சையில இதைக் கேட்டிருந்தா எழுதியிருப்பேன்" என்றாள். குரல் உடைந்தது, கோபம் உடையவில்லை.

"பையில என்ன?"

"அன்னைக்குப் போட்டிருந்த துணி. கொளுத்தச் சொன்னாங்க. வேற துணியைக் கொளுத்திட்டு இதை ஒளிச்சு வச்சேன்."

தந்தி பழைய செய்தித்தாளை மேசையில் விரித்தாள். முடிச்சை அவிழ்த்ததும் சாராய வாடை அறையில் இறங்கியது. தந்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். நிதானம் குனிந்து முகர்ந்தார். முதலில் சட்டை. பிறகு பாண்ட். மறுபடி சட்டை.

பாண்ட்டின் இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேல் ஒரே அளவில், இஸ்திரி போட்டது மாதிரி மடித்து விடப்பட்டிருந்தன. மடிப்பின் விளிம்பில் மட்டும் பாகு காய்ந்து கறுத்துக் கிடந்தது. சட்டையின் கைகளும் முதுகும் சுத்தம். மார்பில் மட்டும் பெரிய வட்டமாக ஒரு கறை.

"தடுமாறித் தலைகுப்புற விழுந்தவன் சட்டையில பாகு இல்ல. பாகுல நின்னவன் பாண்ட்ல சாராயம் இல்ல" என்றார் நிதானம். "ரெண்டும் ஒரே ஆள் மேல இருந்திருக்கு, ஆனா ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கவே இல்ல. பாண்ட்டை முகர்ந்து பாரும்மா. பாகு வாடை மட்டும்தானா?"

அவள் முகர்ந்தாள். "புளிச்சிருக்கு. எங்கப்பா துணி எப்பவும் கருகின சர்க்கரை மாதிரி வாசம் அடிக்கும். இப்படிப் புளிக்காது."

தந்திக்குப் பொறுக்கவில்லை. "கொலைதான் சார்! யாரோ தலையில அடிச்சு உள்ள போட்டிருக்கான்!"

"தலையில காயம் இல்லன்னு ஆஸ்பத்திரி அறிக்கை சொல்லுது. நீ அதுக்குள்ள யாரையாவது தூக்குல போட்டுடாத. ஸ்டேஷன்ல உனக்குத் தெரிஞ்ச ஏட்டு ஒருத்தர் இருக்காரே, பாட்டில் இருந்த அந்த வேலைப் பையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லு."

படம் சாயங்காலமே வந்தது. சாப்பாட்டு டப்பா, சீப்பு, துண்டு, பஸ் பாஸ், பாட்டில். பட்டதாரி தந்தியின் போனைப் பிடுங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத் தந்திக்குப் பயமாக இருந்தது.

"இந்த டப்பாவைப் பாருங்க. சீப்பைப் பாருங்க. எல்லாத்துலயும் பழுப்பா பிசுக்கு. அந்தப் பை வருஷக்கணக்கா பாகுத் தொட்டி பக்கத்துல ஆணியில தொங்கின பை. அதுக்குள்ள கையை விட்டா கை ஒட்டும். எங்க வீட்ல டிவி ரிமோட்டையே கவர் போட்டுத்தான் எங்கப்பா கையில கொடுப்போம். இந்தப் பாட்டிலைப் பாருங்க. கடையில இருந்து இப்பதான் இறக்கி வச்ச மாதிரி மினுமினுக்குது."

"அந்தப் பையில அது குடியிருக்கல. விருந்தாளியா வந்திருக்கு" என்றார் நிதானம். "உனக்கு இதுல என்னம்மா நஷ்டம் வரும்? அதைச் சொல்லு முதல்ல. இதைக் கிளறினா உங்க வீட்டுக்கு என்ன ஆகும்?"

அவள் தரையைப் பார்த்தாள். "எனக்கு லேப்ல வேலை போட்டுக் குடுக்கறாங்களாம். மேனேஜர் சித்தப்பாகிட்ட சொல்லி அனுப்பினாரு. வாயைத் திறக்காம இருந்தா. எங்க வீட்ல இப்ப சம்பாதிக்கற ஆள் யாரும் இல்ல. தம்பி இன்னும் ஸ்கூல்ல படிக்கறான்."

"அப்புறம் ஏன் வந்த?"

"எங்கப்பா பேரை வித்து அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்க முடியாது."

*

ஃபேக்டரி வாசலில் நிதானம் தன் பழைய இன்ஷூரன்ஸ் அடையாள அட்டையைக் காட்டினார். மேனேஜர் இருவரையும் தானே அழைத்துப் போனார். மடிப்புக் கலையாத சட்டை, பேசும்போது எதிரில் இருப்பவரின் தோளுக்கு மேலே பார்க்கும் கண்.

பாகுத் தொட்டி ஒரு சின்ன வீட்டின் உயரம் இருந்தது. வெளியே இரும்பு ஏணி, மேலே ஒரு ஆள் நுழையும் வாய், மூடியின் ஓரத்தில் குடைக்காம்பு மாதிரி வளைந்த காற்றுக்குழாய். தொட்டி கழுவப்பட்டுப் புதுப் பாகு நிரப்பப்பட்டிருந்தது.

"பாகு ரொம்பக் கெட்டி. அடியில இருக்கற வலை அடிக்கடி அடைச்சுக்கும்" என்றார் மேனேஜர். "கொஞ்சமா பாகு இருக்கறப்ப ஆள் இறங்கி கம்பியால குத்தி எடுப்பாங்க. அந்தாளு வருஷக்கணக்கா எறங்கி ஏறினவன்தான். அன்னைக்கு நிதானத்துல இல்ல. குடிச்சுட்டு வந்தா நாங்க என்ன சார் செய்ய முடியும்?"

"இந்தத் தொட்டியில வேற ஏதாவது ஊத்துவீங்களா?"

"இது பாகுத் தொட்டி சார். பாகைத் தவிர வேற எதுவும் இதுக்குள்ள போனதே கிடையாது."

தந்தி அதற்குள் ஏணியில் பாதி தூரம் ஏறிவிட்டாள். "அம்மா, இறங்குங்க, வழுக்கும்!" என்று மேனேஜர் கத்தினார். "எனக்குப் பழக்கம் சார், கலவரத்துல மரத்துல ஏறிப் படம் எடுத்தவ நான்" என்றபடி அவள் மேலே போய்விட்டாள். வளைந்த குழாயின் வாயில் பூச்சி புகாமல் இருக்கக் கட்டிய கம்பி வலை இருந்தது. அவள் அதில் காய்ந்து ஒட்டியிருந்ததை விரலால் சுரண்டி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

சித்தப்பா பம்ப் ரூமில் இருந்தார். கண்கள் குழிவிழுந்து, தாடி வளர்ந்து, யாரோ வீட்டு விசேஷத்துக்குத் தவறி வந்துவிட்டவர் மாதிரி ஓரமாக நின்றார்.

"எட்டிப் பார்த்தேன். அண்ணன் உள் ஏணிக் கம்பியில கை மாட்டி, நின்ன வாக்குல சாஞ்சிருந்தாரு, பாகு முழங்கால் அளவுதான். குடிச்சு மயங்கிட்டாருன்னு நெனச்சேன். அப்படியே உள்ள குதிச்சுட்டேன் சார். யோசிக்கவே இல்ல. கூடப் பிறந்தவனாச்சே, யோசிப்பேனா?"

"செருப்பு எங்க இருந்துச்சு?"

"மேல. மூடி பக்கத்துல. ஜோடியா."

"தடுமாறி விழுந்தவரு செருப்பை ஜோடியா விட்டுட்டு விழுந்தாரா?"

சித்தப்பா கழுத்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

முற்றத்தில் பெருக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் தந்தி உட்கார்ந்து கதை பேசினாள். நீலப் பீப்பாய்கள் சில வாய் திறந்து, காலியாக, சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன. உள்ளே புளித்த வாடை.

"இது என்னக்கா?"

"சோளத்தண்ணி. மக்காச்சோளத்தை ஊற வச்சு மாவு எடுப்பாங்கல்ல, அந்த ஊறின தண்ணியைச் சுண்டக் காய்ச்சினது. பெரிய தொட்டியில கிருமிக்கு ஊத்துவாங்க. நாத்தம் குடலைப் புடுங்கும்."

"இந்தப் பீப்பாய் எப்பக்கா காலியாச்சு?"

"அவரு செத்தாரே, அதுக்கு ரெண்டு நாள் முந்தி. நான்தான் உருட்டிக் கொண்டுவந்து போட்டேன்."

"அப்ப பெரிய தொட்டி நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சா?"

"எங்க ஓடுச்சு? அதுல விடறதுக்கு வளர்த்த விதைக் கிருமி கெட்டுப்போச்சுன்னு அந்த வாரம் முழுக்க மூடியைத் திறந்து போட்டு, பல்லு விழுந்த கிழவன் மாதிரி கெடந்துச்சு. ஐயோ, அந்தத் தம்பியைச் சொல்லணும். அண்ணன் மேல என்ன பாசம்! அழுதுகிட்டே அந்தக் காத்தடிக்கற மெஷினை இழுத்துக்கிட்டு ஓடினாரு. குழாயை உள்ள விட்டு, தொட்டி பூரா காத்தடிச்சு, 'அண்ணா அண்ணா'ன்னு கத்தி, அப்புறம்தான் இறங்கினாரு. பார்க்க முடியல கண்ணு."

தந்தி வாயை மூடிக்கொண்டு எழுந்தாள். அவள் வாழ்க்கையில் அது அபூர்வம்.

கடைசியாக லேப். அங்கே இருந்தவர் நுண்ணுயிர் ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கிய அம்மாள். "டாக்டர், எனக்கு ரெண்டு நாளா தலைவலி" என்றாள் தந்தி. "நான் அந்த டாக்டர் இல்லம்மா. நீ கிருமியா இருந்தா சொல்லு, பார்க்கறேன்" என்றார் அவர். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

கிருமிக்கு என்ன சாப்பாடு என்று நிதானம் கேட்டார். டாக்டரம்மா அலமாரியில் இருந்த வெள்ளைப் பொடி பாட்டில்களைக் காட்டினார்.

"குடுவையில வளர்க்கறப்ப செல்லப் பிள்ளை மாதிரி. சுத்தமான சர்க்கரை, சுத்தமான புரதப் பொடி, எல்லாம் கிராம் கணக்குல. பெரிய தொட்டிக்கு அதையே ஊத்தினா ஒரே மாசத்துல கம்பெனியை இழுத்து மூடணும். அதனால அடுத்த ஆலையில என்ன மிஞ்சுதுன்னு தேடுவோம். சர்க்கரைக்குப் பாகு. நைட்ரஜனுக்கும் வைட்டமினுக்கும் சோளத்தண்ணி. விலை குறைவு, கிருமியும் விரும்பித் தின்னும். ஆனா லோடுக்கு லோடு மாறும். ஒவ்வொண்ணையும் வளர்த்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கணும். பார்த்துப் பார்த்துச் செஞ்ச கலவை சார் இது."

"பாகையும் சோளத்தண்ணியையும் எங்க கலப்பீங்க?"

"லேப்ல ஒரே குடுவையில. கலந்த கையோட கொதிக்க வச்சிடுவோம். பெரிய அளவுல தனித்தனியா வச்சிருந்து, கடைசி நிமிஷத்துல கொதிகலத் தொட்டியில சேர்த்து, உடனே நீராவி விட்டுக் கொதிக்க வைப்போம்."

"ஏன் தனித்தனியா?"

டாக்டரம்மா கண்ணாடிக் கதவின் வழியே மேனேஜரின் அறையைப் பார்த்தார். "அதுதான் வழக்கம்" என்றார். அவ்வளவு நேரம் நிறுத்தாமல் பேசியவர், அதற்கு மேல் பேசவில்லை.

வெளியே வந்ததும் தந்தி கைக்குட்டையை அவிழ்த்தாள். தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, பழுப்பாக, உலர்ந்த ஒரு துண்டு.

"நுரை" என்றார் நிதானம். "கொதிக்காத பாகு அந்த உயரத்துக்கு எப்படி நுரைச்சுது? தந்தி, மூடி போட்ட வாளி ரெண்டு வாங்கு."

*

சனிக்கிழமை காலை, ஃபேக்டரியின் மீட்டிங் அறை. நீள மேசை, கண்ணாடி ஜன்னல், தண்ணீர் பாட்டில்கள். மேனேஜர் மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு நீளக் கவர். டாக்டரம்மா ஜன்னலோரம். சித்தப்பா உட்காரவில்லை. பட்டதாரி அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள், அவர் முகத்தைப் பார்க்க வசதியாக. மேசை நடுவில் மூடி போட்ட இரண்டு வாளிகள்.

"என்ன சார், வித்தை காட்டப் போறீங்களா?" என்றார் மேனேஜர்.

"ஒரே ஒரு வித்தைதான்" என்றார் நிதானம்.

தந்தி முதல் வாளியின் மூடியை மெதுவாகத் தூக்கினாள். அடியில் கறுப்பாகப் பாகு. நிதானம் ஒரு மெழுகுவர்த்தித் துண்டைக் கம்பியில் செருகி, கொளுத்தி, உள்ளே இறக்கினார். எரிந்தது. இன்னும் இறக்கினார். எரிந்துகொண்டே இருந்தது.

"வெறும் பாகு. மாசக்கணக்கா வச்சாலும் தூங்கும். சர்க்கரை அவ்வளவு கெட்டியா இருந்தா அதுல எந்தக் கிருமியும் வளராது. தண்ணிய உறிஞ்சி எடுத்துடும். உங்கப்பா இதுக்குள்ளதாம்மா வருஷக்கணக்கா எறங்கி ஏறினாரு. ஒண்ணும் ஆகல."

இரண்டாவது வாளி. மூடியைத் தூக்கும்போதே புளித்த வாடை மேசை முழுக்கப் பரவியது. பாகு நுரைத்து வாளியின் பாதி வரைக்கும் ஏறியிருந்தது. மெழுகுவர்த்தி வாளியின் வாயைத் தாண்டியதும் சுடர் சுருங்கியது. நுரையைத் தொடவே இல்லை. அணைந்தது. நிதானம் மறுபடி கொளுத்தி இறக்கினார். மறுபடி அணைந்தது.



"இதுல பாகு இருக்கு, சோளத்தண்ணி இருக்கு, பம்ப் இழுக்கறதுக்காக இளக்க ஊத்தற தண்ணி இருக்கு. பாகுல தூங்கிக்கிட்டிருந்த ஈஸ்ட்ங்கற கிருமிக்கு யாரோ இலை போட்டுப் பரிமாறின மாதிரி. சர்க்கரையும் இருக்கு, நைட்ரஜனும் இருக்கு, தண்ணியும் இருக்கு. அது சாராயத்தையும் கரியமில வாயுவையும் கக்கும். அந்த வாயு காத்தைவிடக் கனம். மேல போகாது. தொட்டிக்குள்ள தண்ணி மாதிரி தேங்கி நிக்கும். கண்ணுக்குத் தெரியாது. எறங்கினவன் ரெண்டு மூச்சு இழுத்திருப்பான், அவ்வளவுதான்."

பட்டதாரியின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்தன.

"எங்க தொட்டியில சோளத்தண்ணி போகலன்னு சொன்னேனே" என்றார் மேனேஜர்.

"சொன்னீங்க. பெரிய தொட்டி ஓடாத வாரத்துல சோளத்தண்ணிப் பீப்பாய் காலியாச்சு. கிருமி தின்னல. மனுஷன் குடிக்க மாட்டான். அப்ப எங்க போச்சு? உங்க பாகுத் தொட்டியோட காத்துக்குழாய் வலையில நுரை காஞ்சு கெடக்கு. தொட்டியைக் கழுவினீங்க, குழாயோட மூக்கைத் துடைக்க மறந்துட்டீங்க. டாக்டரம்மா, நான் உங்களை 'ஏன் தனித்தனியா'ன்னு கேட்டேன். வழக்கம்னு சொன்னீங்க. உங்களுக்குக் காரணம் தெரியாதா?"

டாக்டரம்மா எழுந்து நின்றார். யாரோ வகுப்பில் கேள்வி கேட்டது மாதிரி.

"தெரியும். ஒரே தடவையா கலந்து வச்சிட்டா பாதி நாள் வேலை மிச்சம்னு மேனேஜர் சொன்னாரு. லேப்ல கலக்கறீங்களே, இங்க கலந்தா என்னன்னு கேட்டாரு. குடுவை கலந்த உடனே அடுப்புக்குப் போகும், இது போகாதுன்னு சொன்னேன். கேக்கல. கலந்தாங்க. அன்னைக்கே விதைக் கிருமி கெட்டுப்போச்சு. பெரிய தொட்டிக்கு அனுப்ப முடியல. ரெண்டு நாள் அப்படியே நின்னுச்சு. பொங்கி வழிய ஆரம்பிச்சதும், சாக்கடையில விட்டுடுங்க, ஆனா யாரும் உள்ள எறங்கக் கூடாதுன்னு சொன்னேன். இவர்கிட்டயும் சொன்னேன். சூப்பர்வைசர்கிட்டயும் சொன்னேன்."

"எழுதிக் கொடுத்தீங்களா?" என்றாள் பட்டதாரி.

"இல்ல."

"அப்புறம்? அவர் செத்ததும் அதையாவது சொன்னீங்களா?"

டாக்டரம்மா உட்கார்ந்துவிட்டார்.

"இனி நீங்க சொல்லுங்க" என்றார் நிதானம், சித்தப்பாவின் பக்கம் திரும்பி. "அண்ணன் குடிச்சு மயங்கிட்டாருன்னு நெனச்சு அப்படியே குதிச்சதா சொன்னீங்க. பெருக்கற அம்மா உங்க பாசத்தைப் பத்திப் பெருமையா சொன்னாங்க. முதல்ல காத்தடிக்கற மெஷினை இழுத்துட்டு ஓடினீங்களாம். குடிச்சு விழுந்தவனுக்கு எதுக்குங்க காத்து? உள்ள மூச்சு விட முடியாதுன்னு தெரிஞ்ச ஆள் மட்டும்தான் அந்த மெஷினைத் தேடி ஓடுவான். உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அதனாலதான் நீங்க உயிரோட இருக்கீங்க."

சித்தப்பா சுவரில் சாய்ந்தார். மெதுவாகச் சறுக்கித் தரையில் உட்கார்ந்தார்.

"வடிச்சுவிட்டோம். பாதிக்கு மேல போயிடுச்சு, அப்புறம் வலை அடைச்சுக்கிச்சு" என்றார். "அண்ணன் காலையில வந்தாரு. பாப்பா படம் எல்லாம் காட்டினாரு, கறுப்புக் கோட்டு, தொப்பி... சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. 'வலை அடைச்சிருக்குண்ணா, பார்த்துக்க'ன்னு சொன்னேன். உள்ள என்ன இருக்குன்னு சொல்லல. லோடு வீணாப் போனது முதலாளி காதுக்குப் போகக் கூடாது, ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதன்னு இவர் சொல்லியிருந்தாரு. மேல நின்னு கம்பியால குத்துவாருன்னு நெனச்சேன். சத்தியமா. டீ குடிச்சுட்டு வந்தேன். செருப்பு மட்டும் இருந்துச்சு."

"பாட்டில்?"

"இவரோட டிரைவர் வாங்கிட்டு வந்தான்."

"சட்டையில ஊத்தினது யாரு?" கேட்டது நிதானம் இல்லை. பட்டதாரி.

சித்தப்பா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "பாகுல சோளத்தண்ணியை விட வால்வைத் திறந்த கை என் கை பாப்பா. நீதான் ஜெயிலுக்குப் போவன்னு இவர் சொன்னாரு. எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு. அண்ணன் போயிட்டாரு, இனி திரும்பி வர மாட்டாரு, இருக்கறவங்களையாவது பார்க்கலாம்னு..."

"உங்களைத் தோள்ல தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனதா சொல்லுவாரு. அந்த நெஞ்சுலயா ஊத்துனீங்க?"

 தந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "இதோ பாரும்மா. நடந்தது விபத்து. யாரும் வேணும்னு செய்யல. உணர்ச்சிவசப்பட்டு ஏதாவது பண்ணினா என்ன ஆகும்னு யோசி. எனக்கு வக்கீல் இருக்காங்க. உங்க சித்தப்பாவுக்கு யார் இருக்கா? முதல்ல அவர்தான் உள்ள போவாரு. உங்க அம்மா ரெண்டு வீட்டுக் கண்ணீரையும் பார்க்கணும்." நீளக் கவரை அவள் பக்கம் நகர்த்தினார். "இது நீ படிச்ச படிப்புக்கான வேலை. உங்கப்பா இதுக்குத்தானே ஆசைப்பட்டாரு?"

"எங்கப்பா எதுக்கு ஆசைப்பட்டாருன்னு நீங்க பேசாதீங்க."

"பாப்பா" என்றார் சித்தப்பா தரையிலிருந்து. "அண்ணிக்கு எதுவும் தெரியாது. அவங்ககிட்ட மட்டுமாவது..."

"தெரியும். காலையிலயே சொல்லிட்டேன்." அவள் எழுந்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினாள். "நேத்து சாயங்காலமே இவங்க எனக்கு வாளியைத் திறந்து காட்டிட்டாங்க. மெழுகுவர்த்தி அணைஞ்சப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. நீங்க காத்து மெஷினை இழுத்துட்டு ஓடினதையும் சொன்னாங்க. ராத்திரி பூரா உக்காந்து யோசிச்சேன், யாரை விடலாம், யாரைச் சொல்லாம இருக்கலாம்னு. அம்மாதான் கேட்டாங்க, 'நாளைக்கு அந்தத் தொட்டிக்குள்ள வேற ஒருத்தன் எறங்குவானாடி'ன்னு. எறங்குவான்னு சொன்னேன். அப்படின்னா போய்ச் சொல்லிட்டு வான்னாங்க. நான் இங்க வந்தது முடிவு பண்ண இல்ல. உங்க வாயால கேக்க."

"பாப்பா, எம் பேரையுமா?"

"எல்லார் பேரையும். டாக்டரம்மா பேரையும்." அவள் குனிந்து அவர் கண்ணைப் பார்த்தாள். "நான் இப்ப ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்களா எழுந்து வந்து சொன்னா நான் பக்கத்துல நிக்கறேன். கடைசி வரைக்கும் நிக்கறேன். வரலன்னா எதிர்ல நின்னு சொல்லுவேன். எது வேணும்னு நீங்க பாருங்க, சித்தப்பா."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கவர் மேசையிலேயே கிடந்தது. கண்ணாடிக் கதவு அவளுக்குப் பின்னால் தானாக மூடிக்கொண்டது.

தந்தி படியில் தடதடவென்று இறங்கி வாசலில் அவளைப் பிடித்தாள். "வண்டி இருக்கு, ஏறு. ரெண்டு நிமிஷத்துல விட்டுடறேன்."

"வேணாம்க்கா. கடைத்தெரு வழியா நடந்து போறேன்" என்றாள் அவள். "அவரைக் குடிகாரன்னு சொன்னவங்க எல்லாம் அந்தத் தெருவுலதான் இருக்காங்க. நான் எங்க போறேன்னு ஒவ்வொருத்தரா கேக்கட்டும்."

வெயிலில் இறங்கி நடந்தாள்.